எந்த ஊர்த் தண்ணி

அந்த மைதானத்துக்குள் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அங்கே ஓடுகிற தண்ணீரையெல்லாம் திறந்து விடுகிறவரே அவர்தான். எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வர வேண்டும், எந்த ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதனால் அவருக்கு 'வால்வு மேடம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

காலையில் ஸ்கூட்டியில் வருவார். முன் கொக்கியில் ஒரு எவர்சில்வர் பாட்டில் தொங்கும். மூடி என்றைக்கோ தொலைந்துபோய், வேறு ஏதோ ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகி வைத்திருப்பார். வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த தண்ணீர். அது தீர்ந்துபோனால் நாக்கு வறண்டாலும் அப்படியே நிற்பாரே தவிர, மைதானத்துக் குழாய்ப் பக்கம் போக மாட்டார். செஞ்சி வெயில் தெரியுமல்லவா? சுற்றிலும் பாறை. காலையில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்கிற வரைக்கும் நம் மேல் திருப்பி அடிக்கும். அந்த வெயிலில் டீயும் குடிக்க மாட்டார், மோரும் குடிக்க மாட்டார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். வருஷக்கணக்காக ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா என்ன?

நான் பந்தல்காரன். செஞ்சி பஜாரில் எங்கள் அத்தா காலத்திலிருந்து சாமியானா, சேர், பாத்திரம் வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, உரூஸ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பந்தல் போட்டிருக்கிறோம். ஊருக்கு வெளியே திடீரென்று ஒரு கோல்ஃப் மைதானம் வந்தது. குச்சியால் பந்தை அடித்துக் குழிக்குள் தள்ளுகிற ஆட்டம். பல ஊர்க் குழிகளையும் பார்த்த பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே வருஷத்துக்கு ஒருமுறை போட்டிக்கு வருவார்கள், டி.வி.யில் காட்டுவார்கள் என்றார்கள். அந்தப் போட்டிக்குக் கூடாரம் போடுகிற வேலை என்னிடம் வந்தது. எனக்கு ஆட்டம் புரியவில்லை. கூடாரம் புரிந்தது, வேலையை எடுத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் என் வேலை. பிளாஸ்டிக் பாட்டில்களை ஐஸில் போட்டு வைத்திருந்தேன். வால்வு மேடம் முகமெல்லாம் சிவந்துபோய் என் கூடாரத்து நிழலில் வந்து நின்றார். ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்குச் சுருக்கென்றது. பாய் கையால் கொடுத்தது என்பதால் வேண்டாம் என்கிறாரோ? வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

இப்படி ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கேண்டீன் சமையல்காரர், விரதம் என்றார். மைதானத்து மேனேஜருக்கு வேறு பயம். மேடம் காலனிப் பிள்ளை, அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி, விவசாயப் படிப்பு. யாரோ தனி டம்ளர் கொடுத்து அவமானப்படுத்திவிட்டார்கள் போல, கேஸ் கீஸ் ஆகிவிடப் போகிறது என்று அவர் நடுங்கிப்போய், எல்லோருக்கும் ஒரே மாதிரி புது டம்ளர் வாங்கி வைத்து, தானே முதலில் அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். அதையும் அவர் குடிக்கவில்லை. பாவம், மேனேஜருக்கு அன்றைக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

பக்ரீத்துக்கு மைதானத்தில் எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவரையும் கூப்பிட்டேன், வர மாட்டார் என்ற நினைப்பில்தான். வந்தார். படியேறி உள்ளே வந்ததும் வராததுமாக என் மனைவியிடம் தண்ணீர் கேட்டார். பெரிய டம்ளரில் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பிரியாணியை வழித்துச் சாப்பிட்டு, தால்ச்சா எப்படி வைப்பது என்று சமையலறைக்கே போய்ப் பேசிக்கொண்டிருந்தார். நான் வாசல் வரை கூடப் போய்க் கேட்டே விட்டேன், எங்கள் வீட்டில் குடிக்கிறீர்கள், மைதானத்தில் மட்டும் ஏன் குடிப்பதில்லை என்று.

ஸ்கூட்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்தினார்.

"அது எங்க ஊர் தண்ணி பாய். எங்க கெணத்துல இருந்ததுதான் அங்க போருக்குள்ள போயிருக்குது. எங்கம்மா கொடத்த தூக்கினு அலையுது. நானே அதைத் தொறந்து புல்லுக்கு விட்டுட்டு, நானே மொண்டு குடிக்கறதா? தொண்டையில எறங்காது. அந்த வேலிக்குள்ள பாட்டில் தண்ணி குடுத்தாலும் எனக்கு அந்த நெனப்புதான்."

அவர் வீடு மைதானத்தின் வேலியை ஒட்டிய ஊரில். போர் போட்டு இழுக்க இழுக்க ஊர்க் கிணறு வற்றியது. கைப்பம்பு காற்றை உறிஞ்சியது. படித்து முடித்திருந்த மேடத்துக்கு அதே மைதானத்தில், வீட்டு வாசலிலேயே நல்ல வேலை கிடைத்தது. சம்பளத்தில் வீட்டுக்குத் தளம் போட்டார், தம்பியைப் படிக்க வைத்தார். வீட்டுக்குக் கூரை கொடுத்த கையே குடத்தைக் காலி செய்தது. வேலையை விடவும் முடியாமல், மனசாட்சியை விடவும் முடியாமல் அவர் கண்டுபிடித்த ஒரே வழி அந்த பாட்டில். அவரைப் போய் அப்படி நினைத்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல்.

அதற்காக அவரை எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மேனேஜரையே கலாய்ப்பார். தோட்டத்து ஆட்கள் மோட்டாரை நிறுத்த மறந்தால், இன்னாப்பா, உங்க மாமியார் வீட்டுத் தண்ணியா என்பார். குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டி வைத்திருக்கிற புல்லை கிரீன் என்பார்கள். குழி வரைக்கும் நீளமாகக் கிடக்கிற புல்வெளி ஃபேர்வே. தண்ணீரில் முக்கால்வாசியைக் குடிப்பது இந்த ஃபேர்வேதான். அதைப் பார்த்து அடிக்கடி சொல்வார், "புல்லுக்குத் தாகமே கெடையாது பாய். டி.வி.க்குத்தான் தாகம்."

என் பிழைப்பிலும் கையை வைத்தார். பாட்டில் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். கல்யாண வீட்டு எவர்சில்வர் டம்ளர் உங்கள் கடையில் குவிந்து கிடக்கிறதே, கேனும் டம்ளரும் வையுங்கள், கழுவ எங்கள் ஊர்ப் பெண்களைக் கூப்பிடுங்கள் என்றார். ஃப்ளெக்ஸ் பேனரைத் தூக்கிவிட்டுத் துணியில் எழுதச் சொன்னார். ஜெனரேட்டரைப் பாதியாகக் குறைத்தார். தெர்மாகோல் தோரணத்தைப் பார்த்து அவர் போட்ட முகத்தை நான் மறக்கவே மாட்டேன். எனக்குக் கோபம் வரும். பந்தல்காரனிடம் தோரணம் கட்டாதே என்றால் அவன் எதற்கு? முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். செய்து பார்த்தால், போட்டி முடிந்து கூடாரத்தைப் பிரிக்கிற அன்று வண்டி வண்டியாக அள்ளுகிற குப்பை இல்லை. எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் மழை பொய்த்த வருஷம் வந்தது. போட்டிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் குடங்களை வரிசையாக மைதானத்து கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. உள்ளே ஸ்பிரிங்க்ளர் சுற்றுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வால்வு மேடம் ஸ்கூட்டியில் வந்தார். முன்வரிசையில் அவருடைய அம்மா. அந்தம்மாவும் அதே மைதானத்தில் களை பிடுங்குகிறவர்தான். மகளைப் பார்த்துவிட்டுக் குடத்தை நகர்த்தி வழி விட்டார், வேற்று மனுஷிக்கு விடுவது போல. மேடம் உள்ளே வந்து வண்டியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

போட்டி நடத்துகிற கம்பெனியின் டைரக்டர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வருஷம் சுற்றுச்சூழலைக் காக்கிற போட்டி என்று பச்சை இலை படம் போட்டு பேனர் அடிக்கச் சொல்லியிருந்தார். துணி பேனர், என் கைவேலைதான். மேடம் நேராக என் கூடாரத்துக்கு வந்து அந்த பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனார். என்ன ரகளை ஆகுமோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

மேஜை மேல் விரித்தார். "நான் புதுசா ஒண்ணும் கேக்கல சார். இதுல நீங்க எழுதியிருக்கிறதச் செய்யலாம்னுதான் சொல்றேன்."

அவர் சொன்ன திட்டம் எனக்கே புரிகிற மாதிரி இருந்தது. மைதானத்துக் குட்டையில் போன மழைத் தண்ணீர் கொஞ்சம் கிடக்கிறது. அது கிரீனுக்கு மட்டும் போதும். ஃபேர்வேக்குச் சொட்டு விட வேண்டாம், காயட்டும். போர் மோட்டாரிலிருந்து ஒரு குழாய் இழுத்து ஊர்த் தொட்டிக்கு விட்டுவிடலாம். பழுப்பு மைதானத்தில் பந்து இன்னும் நன்றாக உருளும், ஆட்டத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. டைரக்டர் பேனரையும் பார்த்தார், ஜன்னல் வழியாக கேட்டையும் பார்த்தார். ஸ்பான்சருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒருமுறை கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்றார் மேடம். கடைசியில் சரி என்றார். அவர் சொன்ன பிறகு மேனேஜரும் மறுக்கவில்லை.

குழாய் இழுத்து, ஊர்த் தொட்டியில் தண்ணீர் விழுந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். பெண்கள் கூட்டத்தில் மேடம் முன்னால் போய் நிற்கவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கமாக நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, வெயில் பாய் என்றார்.

போட்டியும் நடந்தது. செஞ்சிக் கோட்டை மலையும் மைதானமும் ஒரே நிறத்தில் இருந்தன. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர், எங்கள் ஊரில் கோடையில் இப்படித்தான் இருக்கும் என்று சந்தோஷமாக ஆடினார். ஸ்பான்சர் ஆளுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. டி.வி.யில் பாலைவனம் மாதிரி தெரிகிறது, என் கூடாரத்துக்கு முன்னாலாவது பச்சையாக ஏதாவது செய் என்று என்னை நச்சரித்தார். பந்தல்காரனுக்குத் தரையை மூடத் தெரியாதா? கல்யாண மண்டபத்தில் விரிக்கிற பச்சைக் கார்ப்பெட் கடையில் இருந்தது. ஆளை அனுப்பி எடுத்துவரச் சொல்லி, ஃபேர்வேயின் ஓரத்தில் நீளமாக விரித்துவிட்டேன். கடைசி நாள் ஒருவர் அடித்த பந்து உருண்டு வந்து அந்தக் கார்ப்பெட் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆட்டம் நின்றது. நடுவர் பேட்டரி வண்டியில் வந்து இறங்கி, கார்ப்பெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். விதிப் புத்தகத்தில் கல்யாணக் கார்ப்பெட் என்று எங்கே இருக்கப் போகிறது? கடைசியில் கார்ப்பெட்டைச் சுருட்டிவிட்டு ஆடச் சொன்னார். நானே முட்டி போட்டுச் சுருட்டினேன், அத்தனை கேமராவுக்கும் முன்னால். வால்வு மேடம் ஒரு வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பேப்பரில் பாராட்டி எழுதினார்கள். பரிசளிப்பு மேடையில் மேடத்தைக் கூப்பிட்டு ஒரு செடித் தொட்டி கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அப்போதும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

அடுத்த வருஷம் போட்டி செஞ்சிக்கு வரவில்லை. கடற்கரைப் பக்கம் வேறொரு ஊர் மைதானத்துக்குப் போய்விட்டது. விமானத்தில் வருகிறவர்களுக்கு வசதி என்று காரணம் சொன்னார்கள். பழுப்புப் புல்தான் காரணம் என்று எங்களுக்குத் தெரியும். போட்டி இல்லையென்றானதும் மைதானத்தில் ஆள் குறைத்தார்கள். களை பிடுங்குகிறவர்கள், டம்ளர் கழுவினவர்கள், ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கினவர்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. மேடத்துக்கும் போயிற்று. புல்லுக்கே தண்ணீர் இல்லையென்றான பிறகு வால்வுக்கு எதற்கு ஆள் என்று கேட்டார்களாம்.

எனக்கு மட்டும் வேலை போகவில்லை. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பிளாஸ்டிக் இல்லாமல், குப்பை இல்லாமல் கூடாரம் போடத் தெரிந்த ஆள் என்று டைரக்டர் என்னையும் கடற்கரை ஊருக்குக் கூப்பிட்டார். துணி பேனர், எவர்சில்வர் டம்ளர், பாதி ஜெனரேட்டர், ஒவ்வொன்றும் மேடத்திடம் திட்டு வாங்கிக் கற்றது. இன்றைக்கு இந்த மாதிரிப் போட்டி எங்கே நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என் விசிட்டிங் கார்டில் பச்சை இலை போட்டிருக்கிறேன்.

போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைகிறபோதே அவருடைய அம்மாவின் குரல் கேட்டது.

"தண்ணி குடுத்த, சரி. சோத்துக்கு இன்னாடி பண்றது?"

என்னைப் பார்த்ததும் அந்தம்மா பின்பக்கம் போய்விட்டார். மேடம் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குளிர்ந்த தண்ணீர், நிறைந்த செம்பு. சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டுக்கொண்டு அதைக் குடித்தேன். ஊரில் பெண்கள் இப்போது அவரோடு பேசுவதில்லை என்றார். மூன்று தெரு தள்ளி வேலைக்குப் போன பெண்கள், இப்போது விடியற்காலையில் வேன் ஏறித் திண்டிவனம் பக்கம் போகிறார்கள்.

"தண்ணிய எடுத்தப்பவும் நான்தான் பாய். வேலை போனப்பவும் நான்தான். எந்தப் பக்கம் திரும்புனாலும் என் கைதான் வால்வு மேல இருக்குது."

நீங்கள் செய்தது சரிதான் மேடம் என்று சொன்னேன். சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. சரி என்று சொல்வது எனக்குச் சுலபம், என் கடை ஓடுகிறது. கடற்கரை ஊர் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறும் என்று பயந்தேன், மாறவில்லை. சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள், நன்றாகச் செய்யுங்கள் என்றார். வாசல் வரை வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"அங்க தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மைதானத்தில் புல் பச்சைப் பசேலென்று இருக்கும். பச்சை இலை பேனரும் கட்டுகிறோம், நான்தான் கட்டுகிறேன். முதல் வருஷம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். புது இடம், எடுத்த எடுப்பிலேயே எதற்கு என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் டைரக்டருக்கு ஏதோ டென்ஷன், அந்த நேரத்தில் போய்க் கேட்டால் எரிந்து விழுவார். அதற்கடுத்த வருஷம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே போட்டி முடிந்து வண்டியில் திரும்பும்போதுதான் வந்தது. அங்கேயும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது. பெண்கள் குடத்தோடு போவதைக் கூடாரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போகிறார்களாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் கோயிலுக்குப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்?

இந்தச் சித்திரை வெயிலில் அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் திரும்பி செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எதிரே மேடம் நின்றுகொண்டிருந்தார். சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறார், தளவானூர், பனமலை என்று ஊர் ஊராக நிலத்தில் குழாய் பதித்துக் கொடுக்கிறாராம். கொஞ்சம் கறுத்திருந்தார், கொஞ்சம் நரைத்திருந்தார். தோளில் ஒரு பை, பையில் அதே பாட்டில், அதே ஊறுகாய் மூடி. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இப்போது மறுபடி முகம் கொடுத்துப் பேசுகிறார் என்றார். என் மனைவியை விசாரித்தார், தால்ச்சாவை விசாரித்தார், கல்யாணக் கார்ப்பெட்டையும் விசாரித்தார். நானும் சிரித்தேன்.

பேசிக்கொண்டே என் கையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். போட்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த ஸ்டீல் பாட்டில், பச்சை இலை போட்டது. காலையில் கடற்கரை மைதானத்துக் குழாயில் பிடித்தது. அவர் அதைப் பார்த்தார். கோபமாக இல்லை, சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டார்.

"எந்த ஊர் தண்ணி பாய்?"

வாயில் இருந்ததை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவருடைய பஸ் வந்துவிட்டது. பதிலுக்காக அவர் நிற்கவில்லை. வருகிறேன் பாய் என்று கும்பிட்டுவிட்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பஸ் திரும்புகிற வரைக்கும் நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் முழுங்கினேன். வெயில் அப்படி. மிச்சத்தையும் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன்.